மெதுவாகத் தொட்டால் மட்டும்

பெர்மாஸ் ஜெயா,
19 மே 2024, ஞாயிறு.

அன்புள்ள தம்பி யுகேந்திரனுக்கு,

அண்ணி பிரேமலா எழுதுவது. நானும் லோஷினியும் நலம். நகோயாவில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

இந்தக் காலத்தில் யார் பேப்பரில் எழுதுகிறார்கள், அண்ணிக்கு என்ன ஆச்சு என்று யோசிக்காதே. வாட்ஸ்அப்பில் எழுதினால் லோஷினி படித்துவிடுகிறாள். வயது ஒன்பதுதான். ஆனால் என் போன் பாஸ்வேர்டை நான் மறந்தால் அவளிடம்தான் கேட்க வேண்டும். அவள் அப்பாவைப் பற்றி நான் எழுதுவதை அவள் படிக்க வேண்டாம். நீயும் பதிலைத் தாளிலேயே எழுதிப் போடு.

போன வாரம் பொந்தியான் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். அங்கம்மா அக்காவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான் இருக்கிறது. மவன் இளைச்சிட்டானாம், வீடியோவிலேயே தெரியுதாம். உனக்கு நெத்திலி சம்பல் வறுத்துக் கொடுத்தார்கள். அந்தப் பார்சலில்தான் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

நீ அனுப்பிய இரண்டு பெட்டிகளும் ஆறாம் தேதி வந்து சேர்ந்தன. உன் அண்ணன் தவறிப்போய் நான்கு மாதம் ஆகிறது. பெட்டியைத் திறந்ததும் அவர் அறையில் நிற்பது போலவே இருந்தது. பாதி பிதுக்கிய பற்பசையைக் கூட விடாமல் வைத்திருக்கிறாயே, அதற்கு உன்னைத் திட்டுவதா கும்பிடுவதா தெரியவில்லை. கூடப் பிறக்காவிட்டாலும் தம்பியாக, தங்குமிடத்தில் அவருக்குப் பக்கத்து அறையில் நீ இருந்தாய் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறுதல்.

முதலில் அவர் முடி வெட்டிக்கொள்ளும் மெஷினை எடுத்தேன். ஜப்பான் ப்ளக், தட்டையாக இரண்டு பின். நம் சுவரில் மூன்று ஓட்டை. நம் ஊரில் இதற்கு என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். மீ நூடுல்ஸ் சாப்பிடுகிற குச்சி ஒன்றை மேல் ஓட்டையில் சொருகினேன், கீழ் ஓட்டைகள் திறந்துகொண்டன, ப்ளக்கை அழுத்திவிட்டேன். மெஷின் ஒரு நிமிடம் கூட ஓடவில்லை. என்னவோ போலக் கத்தி, வேகமாகச் சுற்றி, புகைந்து நின்றுவிட்டது. பிளேடுக்குள் அவர் முடி கொஞ்சம் இருந்திருக்கிறது. அது கருகிய நாற்றம் இரண்டு நாள் ஹாலை விட்டுப் போகவில்லை. லோஷினி பள்ளி விட்டு வந்ததும் மூக்கை உறிஞ்சி, அப்பா வாசம் வருதும்மா என்றாள். நான் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

என் தம்பி வேலுவுக்குப் போன் போட்டேன். அவன் சிங்கப்பூரில் வயர்மேன், உனக்குத் தெரியும். நன்றாகத் திட்டினான். ஜப்பான் கரண்ட் நூறு வோல்ட், நம்முடையது இருநூற்று நாற்பது, லேபிளைப் பார்க்காமல் எதையும் சொருகாதே என்றான். அதன் பிறகு லேப்டாப் சார்ஜரின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்தேன். 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தது. சரி, இது தாங்கும் என்று அதே குச்சியை வைத்துச் செருகினேன். அந்த ப்ளக்கின் பக்கத்தில் பச்சையாக ஒரு சின்ன வயர், வால் மாதிரி தொங்குகிறதே, அது எதற்கு என்று புரியவில்லை. விட்டுவிட்டேன்.

இப்போது சொல்லப்போவதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே.

லேப்டாப் மூடியின் மேல் விரலை வைத்தேன். உள்ளே ஏதோ ஊர்ந்தது. அழுத்திப் பிடித்தால் ஒன்றும் இல்லை. விரல் நுனியால் மெதுவாகத் தடவினால் மட்டும் வருகிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் உன் அண்ணன் என் புறங்கையைத் தடவிக்கொண்டே வருவார். பேச மாட்டார், வெளியே பார்த்துக்கொண்டு, அவர் பாட்டுக்குத் தடவுவார். அதே கைதான். நான் அன்று சோறு வைக்க மறந்துவிட்டேன்.

நான் எதையும் சும்மா நம்புகிறவள் இல்லை. பதினாறு வருஷமாகப் பாசிர் கூடாங் ஃபேக்டரியில் பொருளைச் சரிபார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஒரு நோட்டு வாங்கித் தேதி, மணி, கிழமை எல்லாம் குறிக்க ஆரம்பித்தேன். செருப்புப் போட்டால் வருவதில்லை, வெறுங்காலில் வருகிறது. வெள்ளிக்கிழமை மாலை விளக்கு ஏற்றுகிற நேரத்தில்தான் ரொம்ப நன்றாக வருகிறது. இரண்டு வெள்ளியும் அப்படித்தான்.

அவரிடமிருந்து அந்த லேப்டாப்பை எடுத்து மூடினவன் நீதான். உன் கைக்கு அன்று ஏதாவது தெரிந்ததா? சும்மாதான் கேட்கிறேன்.

சம்பலைக் காற்றுப் படாமல் மூடி வை.

அன்புடன்,
அண்ணி பிரேமலா


பெர்மாஸ் ஜெயா,
16 ஜூன் 2024, ஞாயிறு.

அன்புத் தம்பி யுகேந்திரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சம்பல் மூன்றே நாளில் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்ததை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர்கள் அடுத்த சட்டியை அடுப்பில் வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் பக்கத்தில் நீ எழுதியிருந்ததை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அன்று காலை வேலைக்கு அவர் வரவில்லையே என்று போய்ப் பார்த்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மூடியின் மேல் கை இருந்தது, அந்தக் கையை எடுத்துவிட்டு நீ மூடும்போது உன் உள்ளங்கையில் ஏதோ மெல்ல ஓடியது, இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். தம்பி, நீ நல்லா இருக்கணும். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நானே பயந்து கிடந்தேன்.

உனக்கும் ஒன்று சொல்கிறேன். அது உன்னோடு இருக்கட்டும். பொங்கலுக்கு முதல் நாள், ஞாயிறு சாயந்தரம், நானும் அவரும் வீடியோவில் பேசினோம். இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க பிரேமா, சரின்னு சொல்லிட்டேன் என்றார். என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டார். நான் கத்தினேன். அங்கேயே இருங்க, இங்க யாரும் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இல்லன்னு சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மூன்று தடவை திருப்பிக் கூப்பிட்டார். போன் மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், எடுக்கவில்லை. மறுநாள் பால் பொங்குகிற நேரத்தில் நீ கூப்பிட்டாய்.

அவர் கை அந்த மூடியில் எதற்காக இருந்தது என்று இப்போது உனக்குப் புரியும். நான்காவது தடவை கூப்பிடப் போயிருக்கிறார். இப்போது வருகிற கையை நான் எப்படித் தட்டிவிடுவேன்?

லோஷினியிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் தடவுகிற மாதிரியே தடவினாள். கண் பெரிதாகிவிட்டது. யாரும்மா இது என்றாள். என்ன என்று கேட்கவில்லை தம்பி, யார் என்று கேட்டாள். அப்பா என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து பிள்ளை ஒரு கையை மூடியில் வைத்து, இன்னொரு கையால் அந்தப் பச்சை வாலைப் பிடித்துக்கொள்கிறாள். அது அப்பாவோட சுண்டுவிரலாம். கடைவீதியில் நடக்கும்போது அவர் சுண்டுவிரலைத்தான் பிடித்துக்கொண்டு வருவாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததை எல்லாம் அதனிடம் சொல்கிறாள். நடுவில் சிரிக்கிறாள். சிரிக்கிறதுக்கு என்ன இருக்கிறது என்று நான் கேட்பதில்லை.

போன ஞாயிறு வேலு வந்தான். ப்ளக்கையும் குச்சியையும் பார்த்தவன் செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்து பிடுங்கினான். அலமாக், உனக்கு அறிவு இருக்கா அக்கா என்று ஆரம்பித்தான். அந்தத் தட்டைப் பின் நம் ஓட்டையில் இறுக்கமாக உட்காராதாம், ஆடி ஆடி வெளியே வந்துவிடுமாம், பாதி வெளியே நிற்கிற பின்னிலும் கரண்ட் இருக்குமாம். பச்சை வால்தான் எர்த் வயராம். அதை எதிலும் கட்டாமல் விட்டதால் கசிகிற கொஞ்சம் கரண்ட் போக வழியில்லாமல் லேப்டாப் உடம்பிலேயே நிற்கிறதாம். நான் தொட்டால் என் வழியாகத் தரைக்கு இறங்குகிறதாம். அதுதான் ஊர்கிறதாம். அவ்வளவுதான் அக்கா, வேற ஒன்னும் இல்ல என்றான். சார்ஜர் பெட்டி சரியானதுதான், சுவருக்குப் போகிற வயரை மட்டும் மாற்றினால் போதும் என்று சிரிம் தரச் சான்று ஸ்டிக்கர் ஒட்டிய மூன்று பின் வயர் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனான்.

அப்படியானால் வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் அதிகம் வருகிறது என்று கேட்டேன். கரண்டுக்குக் கிழமை தெரியுமா? தலையைச் சொறிந்தான்.

அந்த வயர் இன்னும் பிரிக்காமல் டிராயரில் கிடக்கிறது. மாற்றிவிட்டேன் என்று அவனிடம் பொய் சொல்லிவிட்டேன். நீ காட்டிக்கொடுத்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி பிரேமலா


பெர்மாஸ் ஜெயா,
14 ஜூலை 2024, ஞாயிறு.

அன்புள்ள தம்பிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லோஷினி நன்றாக இருக்கிறாள். மீதியை அதற்குப் பிறகு படி.

ஜூலை ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. வெள்ளியும் சனியும் இங்கே பள்ளி விடுமுறை, பிள்ளை வீட்டில்தான் இருந்தாள். நான் மூன்றரைக்கு வேலை விட்டு வந்தேன், வீட்டைத் துடைத்தேன், குளித்தேன், விளக்கேற்றிவிட்டுச் சுண்டல் தாளிக்க அடுப்படிக்குப் போனேன். ஹாலில் டப் என்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, வீடே வாயை மூடிக்கொண்டது. ஓடி வந்து பார்த்தால் பிள்ளை தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. ப்ளக் பாதி வெளியே தொங்குகிறது. பக்கத்தில் விளக்குத் திரியைத் தூண்டுகிற பித்தளைக் குச்சி கிடக்கிறது, நுனி கருத்துப்போய்.

மீ குச்சி உடைந்திருந்ததாம். அதனால் ப்ளக்கைத் திரும்பச் செருக அதை எடுத்திருக்கிறாள். வேலு சொன்ன மாதிரியே ஆடிக்கொண்டிருந்த பின்னில் பித்தளை பட்டிருக்கிறது. இரண்டு விரல் நுனி வெந்துவிட்டது. நான் தூக்கிக் குலுக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, அப்பா கோவமா பிடிச்சிட்டாரும்மா.

தம்பி, அதைக் கேட்ட பிறகும் நான் உயிரோடு இருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்து இதயத்தைப் பரிசோதித்தார்கள். ஒன்றுமில்லை என்று சனிக்கிழமை மாலை அனுப்பினார்கள். வேலு வந்தான். இந்தத் தடவை கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தான். ட்ரிப் ஆகிற சுவிட்ச் வேலை செய்ததால் பிள்ளை பிழைத்தாள் என்றான். பிறகு முட்டி போட்டுத் தரையைத் தொட்டான், விரலை நாக்கில் வைத்துப் பார்த்தான். எதில் துடைச்சே என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை எதில் துடைப்போம்? கல்லுப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில்தான்.

உப்புத் தண்ணி, வெறுங்காலு, கரண்டுக்கு விருந்து வச்சிருக்கே அக்கா என்றான். அதான் உன் வெள்ளிக்கிழமை என்றான்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். மணி எழுதியிருக்கிறேன், செருப்பு எழுதியிருக்கிறேன், மழை பெய்ததைக் கூட எழுதியிருக்கிறேன். தரை துடைத்ததை மட்டும் ஒரு நாள் கூட எழுதவில்லை. பதினாறு வருஷ வேலை! அடுத்தவர் செய்ததில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவள் நான். என் கையில் இருந்த மோப்பைப் பார்க்கவில்லை. பார்க்க மனசில்லை என்பதுதான் உண்மை. அப்பா கை என்று பிள்ளையை நம்ப வைத்து அந்த ஈரத்தில் உட்கார வைத்தது நான்தான். இதை யாரிடம் சொல்லி அழ?

டிராயரில் கிடந்த வயரை வேலு தானே பிரித்து மாட்டினான். பழையதைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டான். அன்று வெறுங்காலில் நின்று மெதுவாகத் தடவிப் பார்த்தேன். வெறும் தகடு. மறுநாளும் தகடு. நோட்டில் நான்கு நாள் தொடர்ந்து ‘இல்லை’ என்று எழுதினேன். ஐந்தாம் நாள் லேப்டாப்பை அலமாரியில் வைத்துவிட்டேன். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அழுகை கூட வரவில்லை.

இதற்கு நடுவே உன் அம்மா போன் செய்தார்கள். டிசம்பரில் வரும்போது அங்கிருந்து ரைஸ் குக்கர் வாங்கி வருவதாகச் சொன்னாயாம். வேண்டவே வேண்டாம். அது நூறு வோல்ட் சாமான், இங்கே வந்தால் அந்த முடி மெஷின் கதிதான். போன் சார்ஜர் கொண்டு வந்தால் அடியில் 240 என்று இருக்கிறதா பார், நல்ல அடாப்டர் ஒன்று வாங்கி அதில் செருகு. குச்சி எடுக்காதே. உன் வீட்டில் யாரையும் எடுக்கவிடாதே. இதை நான் எழுதுகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம்.

வெள்ளிக்கிழமை, அதாவது முந்தாநாள், தரையே துடைக்கவில்லை. இனி உப்புத் தண்ணீர் இந்த வீட்டில் கிடையாது. வேலை விட்டு வந்து கதவைத் திறந்தேன். லோஷினி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். அலமாரியிலிருந்து எப்படி எடுத்தாளோ. வயர் இல்லை. வயரையும் சார்ஜரையும் நான் என் வேலைப் பையில் வைத்து ஃபேக்டரிக்கே கொண்டுபோயிருந்தேன், அப்போதும் என் தோளில்தான் இருந்தது. பேட்டரியும் தீர்ந்துபோயிருந்தது, பட்டனை அழுத்திப் பார்த்தேன், எரியவில்லை. பிள்ளை கட்டுப் போடாத கையால் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் பச்சையாக ஏதோ இருந்தது. வேலு வெட்டிப் போட்டதில் அந்த வாலை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறாள்.

அதுல ஒன்னும் இல்ல கண்ணு, மாமா சரி பண்ணிட்டாங்க என்றேன். அவள் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு இப்ப கோவம் போயிடுச்சு என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையை வைத்தேன். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், நீங்க அமுக்குறீங்கம்மா, மெதுவா தொடுங்க என்றாள்.

எழுந்து போய்ச் செருப்பை மாட்டினேன். தரையைக் கையால் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. வந்து உட்கார்ந்து மெதுவாகத் தொட்டேன். தேதி, மணி, செருப்பு, தரை, எல்லாம் இந்தத் தடவை விடாமல் நோட்டில் எழுதினேன். ‘வந்ததா, இல்லையா’ என்ற கடைசிக் கட்டத்தில் என்ன எழுதினேன் என்பதை உனக்குச் சொல்லப் போவதில்லை.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒரே பொருளை இரண்டு பேர் சரிபார்க்கும்போது முதல் ஆள் எழுதியதை இரண்டாம் ஆள் பார்க்கக் கூடாது. பார்த்தால் அதையே எழுதிவிடுவார்கள், பயத்தில் அல்லது பாவம் பார்த்து. அதனால் நீ முதலில் எழுது. ஜப்பானில் நூறு வோல்ட்தான், அங்கே கசிந்தாலும் கைக்குத் தெரியவே தெரியாது என்கிறான் வேலு. உன் கடிதத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

பொங்கல் அன்று காலை அவர் கையை எடுத்துவிட்டு நீ அதை மூடினாயே, அப்போது உன் காலில் என்ன இருந்தது? தரை ஈரமா, காய்ந்ததா? வயர் சுவரில் செருகியிருந்ததா? கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது பதில் வேண்டும். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுது. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எதையும் எழுதிவிடாதே.

பிள்ளையிடம் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். அது வெறும் தகடுதான், அம்மா பொய் சொல்லிட்டேன் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என்னை விட அவளுக்குக் கை மெதுவானது என்று ஒத்துக்கொண்டு, அவளையே விட்டு என் சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்ல வேண்டும். எது என்று தெரியாமல் வாயைத் திறக்க மாட்டேன். ஒரு தடவை திறந்தது போதும்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் டிசம்பரில் உன் அம்மா வாசலில் வந்து நிற்க வேண்டும். அது வரை யாராவது உன்னைத் திருப்பித் திருப்பிக் கூப்பிட்டால், எவ்வளவு கோபம் இருந்தாலும் சரி, எடுத்துப் பேசு.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அண்ணி பிரேமலா